டான்சில் புற்றுநோயும் ஹெச்.பி.வி. வைரஸும்: ஒரு மனைவியின் கேள்விகளுக்குப் பதில்

கடிதத்தின் சுருக்கம்

நாற்பத்தாறு வயதான வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்கு 52 வயது. புகையோ மதுவோ புகையிலை மெல்லுவதோ எந்நாளும் பழக்கமில்லை. சில மாதங்களுக்கு முன் சவரம் செய்துகொண்டிருந்தபோது, தாடைக்குக் கீழே வலப்பக்கத்தில் வலியில்லாத வீக்கம் ஒன்று அவர் கையில் தட்டுப்பட்டது. இரண்டு முறை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் சாப்பிட்டும் அது கரையவில்லை. ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்த முதல் பரிசோதனையில் நீர்க்கட்டி என்றுதான் வந்தது. மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் வாய்க்குள் விரலை விட்டு டான்சிலைத் தடவிப் பார்த்து, அங்கிருந்து பயாப்ஸி (சோதனைக்கான திசுத் துண்டு) எடுக்கச் சொன்ன பிறகே உண்மை தெரிந்தது: வலது டான்சிலில் மூன்று சென்டிமீட்டர் அளவில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்ற புற்றுநோய், கழுத்தின் அதே பக்கத்தில் இரண்டு நெறிகட்டிகள், "பி16 பாசிட்டிவ்". "இது ஹெச்.பி.வி. வைரஸால் வந்தது" என்று மருத்துவர் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார்.

அந்த ஒரு வரியிலிருந்துதான் கடிதம் உண்மையில் தொடங்குகிறது. இணையத்தில் தேடிப் படித்த வாசகி, கணவர் தமக்குத் துரோகம் செய்துவிட்டார் என்ற முடிவுக்கு வந்திருக்கிறார். கணவரின் தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனியாகிவிட்டன, படுக்கையும் தனியாகிவிட்டது. தமக்கும் புற்றுநோய் வருமா, 19 வயது மகனுக்கும் 13 வயது மகளுக்கும் டான்சிலை இப்போதே எடுத்துவிடலாமா, ஒரு மருத்துவர் நான்காம் நிலை என்றும் இன்னொருவர் முதல் நிலை என்றும் சொல்வது எப்படி, வைரஸ் நோய் என்றால் வைரஸுக்கு மருந்து கொடுத்தால் போதாதா, கதிர்வீச்சைத் தவிர்க்கவோ குறைக்கவோ முடியாதா என்று கேட்கிறார். சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவருக்கு வந்திருப்பது நல்ல முறையில் சிகிச்சை செய்யக்கூடிய நோய். உங்கள் கடிதத்தில் சிகிச்சையைப் பற்றி எட்டு வரிகளும் துரோகத்தைப் பற்றி மூன்று பக்கங்களும் இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மனவேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வேதனைக்கு ஆதாரமாக நீங்கள் கையில் வைத்திருக்கும் பயாப்ஸி அறிக்கை, நீங்கள் நினைப்பதைச் சொல்லவில்லை.

பி16 பாசிட்டிவ் என்றால் என்ன?

பி16 என்பது நம் உடலின் செல்களே தயாரிக்கும் ஒரு புரதம். வைரஸின் பெயர் இல்லை. பயாப்ஸித் துண்டின் மீது குறிப்பிட்ட சாயம் ஏற்றும்போது, இந்தப் புரதம் மிகுதியாக உள்ள செல்கள் நுண்ணோக்கியில் அடர்ந்த பழுப்பு நிறத்தில் தெரியும். ஹெச்.பி.வி. எனப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் ஒரு செல்லைத் தன் வசப்படுத்தினால் அந்தச் செல்லில் பி16 ஏறிவிடும் என்பதால், வைரஸ் இருந்ததற்கான மறைமுக அடையாளமாக இதைப் பயன்படுத்துகிறோம். மறைமுக அடையாளம் என்பதால் அது சில சமயம் ஏமாற்றவும் செய்யும். டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றில், பி16 ஒன்று சொல்ல, வைரஸின் மரபணுவை நேரடியாகத் தேடும் பரிசோதனை வேறொன்று சொல்லும். பி16 இருந்தும் வைரஸ் இல்லாதவர்களுக்குச் சிகிச்சையின் பலன் சற்றுக் குறைவாகவே இருக்கிறது. எனவே, ஏற்கெனவே எடுத்த பயாப்ஸித் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியிலேயே ஹெச்.பி.வி. மரபணுப் பரிசோதனையையும் செய்ய முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அதற்காகக் கணவர் மறுபடி பயாப்ஸிக்குப் போக வேண்டியதில்லை. அந்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடிச் சில்லுகளையும் வேறொரு மருத்துவமனையில் காட்டி இரண்டாம் கருத்துக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அப்படிக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

வைரஸ் எப்படிப் புற்றுநோயை உண்டாக்குகிறது?

ஹெச்.பி.வி.யில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை மரு போன்ற சில்லறைத் தொல்லைகளோடு நின்றுவிடுபவை. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் திசுவில் 16ஆம் வகையை 1983இலும் 18ஆம் வகையை அதற்கு அடுத்த ஆண்டிலும் ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹவுசனின் குழு கண்டறிந்தது. அதற்காக அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. தொண்டைக்கும் இதே வைரஸுக்கும் உள்ள தொடர்பு மெதுவாகத்தான் உறுதியானது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வெளியிட்ட தொகுப்பில், 16ஆம் வகை டான்சிலிலும் அதைச் சுற்றிய பகுதியிலும் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று அறிவித்தது. வைரஸால் வரும் தொண்டைப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பது இந்த 16ஆம் வகையின் வேலைதான்.

டான்சிலின் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதில்லை. உள்ளே ஆழமாக இறங்கிக் கிளைபிரியும் குழிகள் நிறைந்தது. அந்தக் குழிகளின் அடியில் திசுப்படலம் மெல்லியதாகவும் இடையிடையே விட்டுப்போனதாகவும் இருக்கும், உள்ளே வருகிற கிருமிகளை நோய் எதிர்ப்புச் செல்கள் எட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காக. அந்த வசதியையே வைரஸும் பயன்படுத்திக்கொண்டு அடியடுக்குச் செல்களுக்குள் நுழைகிறது. நுழைந்த பிறகு அது தயாரிக்கும் இரண்டு புரதங்கள்தான் விஷயத்தைக் கெடுப்பவை. இ6 என்பது, சேதமடைந்த செல்லைப் பெருக விடாமல் தடுக்கும் பி53 என்ற காவல் புரதத்தை அழிக்கிறது. இ7 என்பது, செல் பிரிவதற்கு அனுமதி தருவதையும் மறுப்பதையும் பார்த்துக்கொள்ளும் ஆர்.பி. புரதத்தை முடக்குகிறது. ஆர்.பி. முடங்கிய செல், அதை ஈடுகட்டப் பார்த்து பி16ஐக் கூடுதலாகச் சுரக்கிறது. அறிக்கையில் நீங்கள் படித்தது அந்தச் சுரப்பைத்தான்.

தொண்டையின் எல்லாப் புற்றுநோய்களுக்கும் இந்தக் கதை பொருந்தாது. குரல்வளைப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் புகையிலையும் மதுவுமே காரணம், அங்கே ஹெச்.பி.வி.யின் பங்கு சிறியது. மூக்குக்குப் பின்னால் வரும் புற்றுநோயோடு தொடர்புடையது எப்ஸ்டைன்-பார் என்ற முற்றிலும் வேறான வைரஸ். இணையத்தில் நீங்கள் படித்துக் குறித்து அனுப்பியிருந்தவற்றில் பாதி அந்த நோயைப் பற்றியது, அதை ஒதுக்கிவிடுங்கள்.

அப்படியானால் இது எப்போது, யாரிடமிருந்து வந்தது?

இந்த வைரஸ் வாய்க்கும் தொண்டைக்கும் வரும் முக்கிய வழி வாய்வழி உறவு. ஆழ்ந்த முத்தத்தாலும் பரவலாம். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பலரோடு உறவு கொண்டவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பதும் ஆய்வுகளில் தெரிந்ததே. ஆனால் அது ஒரு பெரும் கூட்டத்தைப் பற்றிய கணக்கு. ஒரு தனி மனிதரின் பயாப்ஸியை வைத்துக்கொண்டு அவருடைய வாழ்க்கையைப் பின்னோக்கிப் படிக்க அந்தக் கணக்கு உதவாது. வாழ்நாளில் ஒரே ஒரு துணையோடு வாழ்ந்தவர்களுக்கும் இந்த வைரஸ் வந்திருக்கிறது. உறவு கொள்ளும் வாழ்க்கையைத் தொடங்கியவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஏதாவது ஒரு சமயத்தில் ஏதாவது ஒரு ஹெச்.பி.வி. வகையைச் சந்தித்தே இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளுக்குள் உடல் தானாகவே அதை வெளியேற்றிவிடுகிறது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஒரு சிறு பகுதியினருக்குத்தான் அது தங்கிவிடுகிறது. யாருக்குத் தங்கும் என்பதற்கு அவர்களுடைய நடத்தையை விட நோய் எதிர்ப்பு ஆற்றலின் போக்கே பெரிய காரணம்.

அப்படித் தங்கிய வைரஸ் கட்டியாக வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். இ6 புரதத்துக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்கள், புற்றுநோய் கண்டறியப்படுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் முன்பே சேமித்து வைக்கப்பட்ட ரத்தத்தில் இருந்ததை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்; தொற்று அதற்கும் முன்னால் நேர்ந்திருக்க வேண்டும். உங்கள் கணவருக்கு இந்த வைரஸ் திருமணத்துக்கு முன்பே வந்திருக்கலாம். உங்களிடமிருந்தே, நீங்கள் அறியாமலேயே, வந்திருக்கலாம். வேறு வழியிலும் வந்திருக்கலாம். இவற்றில் எது என்று சொல்லக்கூடிய பரிசோதனை உலகில் எங்கும் இல்லை. அவர் உங்களுக்கு உண்மையாக இருந்தார் என்று இந்த அறிக்கை சான்றிதழ் தரவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. உங்களுக்குள் பேச வேண்டியது வேறு ஏதாவது இருந்தால் அதை உங்கள் திருமணத்தின் மற்ற உண்மைகளை வைத்துப் பேசுங்கள். இந்தக் காகிதத்தைச் சாட்சியாக நிறுத்தாதீர்கள், குறிப்பாக அவர் ஏழு வாரச் சிகிச்சைக்குள் நுழையப்போகும் இந்தச் சமயத்தில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உறவினர்கள் சிலரிடம் "வைரஸ்" விவரத்தைச் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நோயைப் பற்றி யாருக்கு எவ்வளவு தெரிவிப்பது என்பது நோயாளியின் உரிமை. "டான்சிலில் புற்றுநோய், சிகிச்சை நடக்கிறது" என்பதற்கு மேல் யாருக்கும் எந்த விளக்கமும் தர வேண்டிய கட்டாயம் அவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தொற்றுமா?

புற்றுநோய் தொற்றாது. ஹெச்.பி.வி. வீட்டுக்குள் சாதாரணமாகப் புழங்குவதாலும் சேர்ந்து உண்பதாலும் பரவுவதாகக் கருதப்படுவதில்லை. தட்டையும் டம்ளரையும் துண்டையும் தனியாக வைப்பதால் யாருக்கும் பாதுகாப்புக் கூடவில்லை. ஒதுக்கப்பட்ட உணர்வு மட்டும் அவருக்குக் கூடியிருக்கும். பிள்ளைகள் அப்பாவைக் கட்டிக்கொள்ளலாம், கன்னத்தில் முத்தமிடலாம்.

உங்களைப் பொறுத்தவரை, இத்தனை ஆண்டு தாம்பத்தியத்தில் அவரிடம் இருந்த வைரஸை உங்கள் உடலும் முன்பே சந்தித்திருக்கும். பெரும்பாலும் வெளியேற்றியும் இருக்கும். இத்தகைய நோயாளிகளின் வாழ்க்கைத் துணைகளின் வாயில் தேடிப் பார்த்தபோது, மற்றவர்களைவிட அதிகமாக இந்த வைரஸ் காணப்படவில்லை. நீண்டகாலத் தம்பதியர் இதற்காக நெருக்கத்தை நிறுத்தவோ முறைகளை மாற்றவோ வேண்டும் என்று நாங்கள் சொல்வதில்லை. உங்கள் வாயில் வைரஸ் இருக்கிறதா என்று கொப்பளித்துப் பார்க்கும் பரிசோதனைக்கும் அவசரப்பட வேண்டாம். விடை எதுவாக வந்தாலும் அதைக் கொண்டு நான் உங்களுக்குச் செய்யக்கூடியது எதுவுமில்லை. உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது, உங்கள் வயதுப் பெண்கள் எல்லோரும் செய்துகொள்ள வேண்டிய கருப்பைவாய்ப் பரிசோதனைதான். அதைக் கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. இதுவரை செய்ததில்லை என்றால், இந்த மாதமே செய்துவிடுங்கள்.

முதல் நிலையா, நான்காம் நிலையா?

இரண்டு மருத்துவர்களும் ஒரே நோயைத்தான் சொல்கிறார்கள். பழைய வகைப்பாட்டின்படி, ஒரே பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நெறிகட்டிகள் இருந்தாலே நான்காம் நிலை. வைரஸால் வரும் டான்சில் புற்றுநோயில் அந்தக் கணக்கு நோயாளியின் எதிர்காலத்தோடு பொருந்தவே இல்லை என்று தெரிந்ததால், 2018 முதல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பு வகைப்பாட்டில் இதற்கென்று தனி அட்டவணை வந்தது. அதன்படி, நான்கு சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டியும், ஒரே பக்கத்தில் ஆறு சென்டிமீட்டருக்கு மேற்படாத நெறிகட்டிகளும் இருந்தால் முதல் நிலை. உங்கள் கணவர் விவரம் இதற்குள் அடங்குகிறது. முதல் நிலை என்று சொன்ன மருத்துவரின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேறுபாட்டின் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். 2010இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அந்தப் பழைய கணக்கின்படி மூன்றாம், நான்காம் நிலையில் இருந்தவர்களில், கதிர்வீச்சும் கீமோதெரபியும் பெற்று மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள், வைரஸ் உள்ள வகையில் 82 சதவீதம், வைரஸ் இல்லாத வகையில் 57 சதவீதம். வைரஸ் வகையிலேயே புகைப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் மிகக் குறைவாகவே புகைத்தவர்களுக்கும் அது 93 சதவீதம். உங்கள் கணவர் புகைத்ததில்லை என்பது இங்கே கணக்கில் வருகிறது.

சிகிச்சையைக் குறைத்துக்கொள்ளலாமா?

இந்த எண்களைப் பார்த்ததும் "அப்படியானால் லேசான சிகிச்சை போதுமே" என்ற எண்ணம் எழுவது இயல்பு. மருத்துவ உலகத்துக்கும் அதே எண்ணம் எழுந்தது. கடுமையான சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்துக்குப் பதிலாகப் பக்கவிளைவு குறைவு என்று எதிர்பார்க்கப்பட்ட செட்டுக்சிமாப் என்ற மருந்தைக் கதிர்வீச்சோடு கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2018 இறுதியில் வெளிவந்தன. இரண்டிலும் மாற்று மருந்து பெற்றவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது, இறப்பும் அதிகமாக இருந்தது. பக்கவிளைவுகளும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. நன்றாகக் குணமாகும் நோய் என்பது, முழுச் சிகிச்சை கொடுத்ததால் கிடைத்த பெயர். முறையான ஆய்வுக்கு வெளியே, தன் விருப்பப்படி அளவைக் குறைக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

வைரஸைக் கொல்லும் மாத்திரை கேட்கிறீர்கள். ஹெச்.பி.வி.க்கு அப்படியொரு மருந்து இல்லை. இருந்தாலும், ஏற்கெனவே உருவான கட்டியை அது கரைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. தடுப்பூசியும் வந்த நோயைக் குணப்படுத்தாது. "எதிர்ப்பு சக்தியை ஏற்றிக்கொண்டு பிறகு பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், அந்த வார்த்தைக்காக நீங்கள் விலையாகக் கொடுப்பது வாரங்களை.

உங்கள் முன் இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, 35 அமர்வுகளில் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு, அதனோடு சிஸ்பிளாட்டின். ஏறத்தாழ ஏழு வாரம். வாய் உலர்தல், சுவை மாறுதல், விழுங்குவதில் சிரமம் ஆகியவை இதில் எதிர்பார்க்கப்பட வேண்டியவை. சிஸ்பிளாட்டினால் காது கேட்கும் திறனும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். மற்றொன்று, வாய் வழியாகவே டான்சிலையும் கட்டியையும் அகற்றி, கழுத்து நெறிகட்டிகளையும் எடுக்கும் அறுவை சிகிச்சை. இதன் நன்மை, பிறகு கதிர்வீச்சு தேவைப்பட்டாலும் அளவு குறையலாம் என்பது. நெறிகட்டியின் உறையைத் தாண்டி நோய் கசிந்திருந்தால் அறுவை, கதிர்வீச்சு, கீமோதெரபி மூன்றையுமே தாங்க வேண்டி வரலாம் என்பது இதன் அபாயம். ஸ்கேனில் அப்படியொரு கசிவு சந்தேகப்பட்டால் நான் நேரடியாக முதல் வழியைத்தான் பரிந்துரைப்பேன். அறுவை நிபுணரும் கதிர்வீச்சு நிபுணரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்த ஸ்கேனைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். அந்தச் சந்திப்பில் உங்கள் கணவரும் இருக்க வேண்டும். கடிதத்தில் எல்லா உரையாடலும் உங்களுக்கும் மருத்துவருக்கும் இடையிலேயே நடந்திருக்கிறது, ஒப்புதல் அவருடையது.

பிள்ளைகளின் டான்சிலும் தடுப்பூசியும்

நோயில்லாத டான்சிலைப் புற்றுநோய் பயத்துக்காக எடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இந்த நோய் பரம்பரையாக வருவதும் இல்லை. பிள்ளைகளுக்கு நீங்கள் செய்யக்கூடியது தடுப்பூசி. முதல் உறவுக்கு முன், ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் போட்டால் பலன் அதிகம் என்பதால், மகளுக்கு இதுவே சரியான வயது. மகனுக்கும் போடலாம், இது பெண்பிள்ளைகளுக்கு மட்டுமான ஊசி என்ற எண்ணம் தவறு. பதினைந்து வயதுக்குள் தொடங்கினால் இரண்டு டோஸ், அதற்குப் பிறகு மூன்று டோஸ் என்பது வழக்கமான அட்டவணை. 20 வயது வரை ஒரே டோஸும் ஏற்கத்தக்கது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் கூறியது. உங்கள் மருத்துவர் பின்பற்றும் அட்டவணைப்படி செய்யுங்கள்.

தொண்டைக்கும் இந்த ஊசி உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். கோஸ்டா ரிகாவில் இளம்பெண்களிடம் நடந்த ஒரு ஆய்வில், ஊசி போட்டு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது, ஊசி போட்டவர்களின் வாயில் 16, 18ஆம் வகைத் தொற்று அநேகமாக இல்லை. தொற்று இல்லாத இடத்தில் அதனால் வரும் புற்றுநோயும் இருக்காது என்பது நியாயமான எதிர்பார்ப்பு. புற்றுநோய் எண்ணிக்கையே குறைந்ததைக் காண இந்தத் தலைமுறை ஐம்பது வயதை எட்ட வேண்டும்.

சிகிச்சை தொடங்கும் முன்

முதலில் பல் மருத்துவர். எடுக்க வேண்டிய பல் இருந்தால் கதிர்வீச்சுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே எடுத்துப் புண் ஆறியிருக்க வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. செவித்திறன் பரிசோதனையும் சிறுநீரக ரத்தப் பரிசோதனையும் சிஸ்பிளாட்டினுக்கு முன் முடிந்திருக்கட்டும். விழுங்கும் பயிற்சியை வலி வந்த பிறகு தொடங்கிப் பயனில்லை. முதல் நாளிலிருந்தே அதற்கான பயிற்சியாளரைப் பார்க்கச் செய்யுங்கள். எடையை வாரந்தோறும் குறித்து வையுங்கள். நான்காம் வாரத்துக்குப் பிறகு எடை சரிந்தால் தற்காலிக உணவுக் குழாய் பற்றி மருத்துவர் பேசுவார்; அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு மறுக்க வேண்டாம், ஏனென்றால் கதிர்வீச்சை இடையில் நிறுத்துவதுதான் உண்மையான இழப்பு. கீமோதெரபி நடக்கும் காலத்தில் காய்ச்சல் வந்தால், நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சிகிச்சை முடிந்து ஏறத்தாழ 12 வாரம் கழித்துத்தான், நோய் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேன் எடுப்பார்கள். அதற்கு முன் எடுத்தால் ஆறிக்கொண்டிருக்கும் திசுவும் நோய்போலவே ஒளிரும், அவசரப்படுத்தாதீர்கள். அதன் பிறகு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒரு முறை தைராய்டு ரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும், கழுத்தில் பட்ட கதிர்வீச்சு அந்தச் சுரப்பியையும் மெதுவாகப் பாதிக்கக்கூடும் என்பதால்.